கரையில் பெட்டி வைக்காதீர்கள்

ஜியோகேச் தேடியும் கால்நடையாகவும் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்கு வந்துபோகும் நண்பர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை விடியலில் புதுச்சேரி நகரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நீங்கள் இந்தப் பக்கம் கிளம்பி வருவது எங்களுக்கு மகிழ்ச்சிதான். மலையும் காடும் இல்லாத ஊரில் நடக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களே அதிகம். ஏரிக்கரையும் வாய்க்கால் கரையும் பனை வரிசையும் நடக்கத் தகுந்த இடங்கள்தான் என்று உங்கள் கால்களால் காட்டியவர்கள் நீங்கள். ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் கொண்டு தேடும் இந்த விளையாட்டையும் இந்த நடையையும் நேசிக்கிற ஒருவர் எழுதும் மடல் இது. உங்களை வரவேண்டாம் என்று சொல்ல எழுதியதல்ல. ஆனால் நீங்கள் இங்கே பெட்டி ஒளித்து வைக்கும் முறையைப் பற்றி உங்களிடம் நேராகப் பேசியாக வேண்டும். கரையின் வளையிலும் மதகின் இடுக்கிலும் ஆலமரப் பொந்திலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் செருகிவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகையைப் பதிந்துவிட்டுப் போவது இந்த மண்ணுக்குப் பொருந்தாது. ஏன் பொருந்தாது என்பதை விளக்கிவிட்டுப் பிறகு உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன்.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்கள் பெறும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். மே 2 வாக்கில் அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே சாலையோரக் காட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைத்து வைத்து, அது இருக்கும் இடத்தை அறிவித்தார். அதற்குள் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டப்பா முதலியவை இருந்தன. இதற்கு மூத்த விளையாட்டு இங்கிலாந்தின் டார்ட்மூர் புல்வெளியில் 1854-ல் தொடங்கியது. அங்கே பாட்டிலையும் பெட்டியையும் வைத்து, வருகிறவர்கள் சீட்டு விட்டுப் போனார்கள். இரண்டு இடங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. நாள் முழுக்க ஆள் நடமாடாத வெளி அது. அங்கே ஒரு வாளியை ஒளித்து வைத்தால், தேடி வருகிறவனைத் தவிர வேறு யாரும் அதைக் காணப் போவதில்லை. விளையாட்டின் விதிகள் அந்த நிலத்துக்கு ஏற்ப அமைந்தவை. பாகூரிலும் வில்லியனூரிலும் அப்படி ஒரு நிலம் கிடையாது.

ஒரு கரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். வெளிச்சம் வருமுன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் போகிறார். அடுத்து புல் அறுக்க அரிவாளும் சாக்குமாகப் பெண்கள் வருகிறார்கள். மடை திறக்க மண்வெட்டியோடு ஒருவர், தூண்டிலோடு பையன்கள், வலையோடு மீன் ஏலம் எடுத்தவரின் ஆட்கள். கரையின் சரிவில் ஆடு மேய்கிறது. அதே கரைதான் சில ஊர்களில் சுடுகாட்டுக்கும் வழி. வரைபடத்தில் பச்சையாகவும் வெறுமையாகவும் தெரிகிற அந்த நீளக்கோட்டில் யாருடைய கையும் படாத ஒரு முழ இடம் இல்லை. புறம்போக்குதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. புறம்போக்கு என்றால் பட்டா இல்லை என்றுதான் பொருள். அதில் பாத்தியதை இல்லாதவர் யாருமில்லை. ஏரி மீனுக்கு ஒரு ஏலதாரர், கரைப் புளியமரத்துக்கு ஒரு ஏலதாரர், தண்ணீருக்கு ஆயக்கட்டுதாரர்கள், கரைக்குப் பொதுப்பணித் துறை, ஓரத்து அய்யனாருக்கு ஒரு குடி என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலேயே இங்கே பாசனத்துக்கென்று விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைத்தபோதும், ஊர் தோறும் ஏரிச் சங்கங்களை வைத்துத்தான் அந்த வேலை நடந்தது. இவர்களில் ஒருவருக்கும் தெரியாமல் ஒளித்த பெட்டி, இவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் படப்போகிற பெட்டி.

தேடுகிறவர் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறந்த வெளியில் கைபேசியின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். மரத்தடியில் இன்னும் கூடுதலாகப் பிசகும். ஐந்து மீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 78 சதுர மீட்டர், எங்கள் புதுச்சேரிக் கணக்கில் சுமார் ஒன்றரைக் குழி. அந்த ஒன்றரைக் குழிக்குள் வருகிறவர் ஒவ்வொருவரும் கல்லைப் புரட்டுவார், புல்லை விலக்குவார், வளைக்குள் கைவிடுவார், வரப்பில் ஏறி இறங்குவார். பாறையும் புதரும் உள்ள மலைச்சரிவில் இதனால் பெரிய கேடு வராது. நாற்றங்கால் ஓரத்து வரப்பிலும் களிமண் கரையிலும் நிலைமை வேறு. சேற்று வரப்பு நான்கு பேர் மிதித்தாலே சரியும். சரிந்த வரப்பு வழியே ஒருவர் பாய்ச்சிய தண்ணீர் இன்னொருவர் வயலுக்குப் போகும். அதற்குப் பிறகு நடக்கும் சண்டையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

கரையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கொம்யூன்களின் உயிர் அதில்தான் இருக்கிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் கொண்டு வருகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வதற்குப் பின்னால் இருப்பவை மண்ணால் ஆன கரைகளும் அவற்றிலுள்ள மதகுகளும்தான். மண் கரைக்கு முதல் எதிரி துளை. நண்டு வளை, எலி வளை, அழுகிய வேர் விட்டுப்போன பொந்து என எதுவாக இருந்தாலும், ஏரி நிரம்பியதும் தண்ணீர் அதற்குள் வழி தேடும். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு மறுபக்கம் கசியும். கசிவு ஊற்றாகும், ஊற்று உடைப்பாகும். அதனால்தான் மழைக்காலத்தில் ஊர்க்காரர்கள் கரையில் காவல் இருந்து, கசிவு கண்ட இடத்தில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். டப்பாவை வைப்பதற்காக வளையை ஒரு சாண் அகலமாக்குகிறவர் அந்த எலியின் வேலையைத்தான் செய்கிறார். மதகின் இடுக்கில் வைத்தாலும் கேடுதான். அடைப்புப் பலகை ஏறி இறங்கும் இடத்தில் டப்பா சிக்கினால் மடை முழுதாக மூடாது.

இது வெறும் அச்சமில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. சங்கராபரணியும் பெருக்கெடுத்து வில்லியனூர் பக்கத்துத் தாழ்வான இடங்களைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தைக் கடந்து வந்த மக்களிடம் போய், கரையில் ஒரு ஓட்டைதானே என்று சொல்ல முடியாது. ஜியோகேச் அமைப்பின் விதிகளே குழி தோண்டிப் புதைப்பதைத் தடுக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். அந்த விதியை எழுதியவர்கள் ஏரிக்கரையை மனதில் வைத்து எழுதவில்லை. மண்வெட்டி எடுத்துத் தோண்டாவிட்டாலும் கையால் தோண்டியது தோண்டியதுதான்.

இரண்டாவதாக, கோயில்கள். பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலக் கற்றளி. சுவர் நெடுகக் கல்வெட்டுகள் உள்ள கோயில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலில் இன்றும் தேர் ஓடுகிறது. கல் இடுக்கில் காந்தம் ஒட்டிய சின்ன டப்பா யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். கல் அடுக்குகளின் நடுவே எதையும் திணிப்பது கட்டடத்துக்கு ஊறு. வழிபடுகிற இடத்தில் திணிப்பது மனிதர்களுக்கு ஊறு. அய்யனார் கோயில் மண் குதிரையின் வயிற்றுத் துளையைப் பார்த்தால் ஒளித்து வைக்கத் தோதான இடமாக உங்களுக்குத் தோன்றலாம். நேர்த்திக்கடனாகச் செய்து வைத்த குதிரை அது. அதன் வயிற்றுக்குள் கைவிடும் அந்நியரைப் பார்த்து ஊர் கொதித்தால் ஊரைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, சந்தேகம். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரத்தில், தெருவோரம் ஒருவர் வைத்த டப்பாவை வெடிகுண்டென்று நினைத்து, கடைத்தெருவைக் காலி செய்து, ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடித்து அழித்தார்கள். பிறகுதான் அது ஜியோகேச் என்று தெரிந்தது. விளையாட்டைப் பலரும் அறிந்த நாட்டிலேயே அதுதான் கதி. கேட்பாரற்ற பொருளைக் கண்டால் தொடாதீர்கள் என்று பேருந்து நிலையம் தோறும் ஒலிபெருக்கியில் கேட்டுப் பழகிய நாடு நம்முடையது. இங்கே பாலத்தடியிலோ பள்ளிச் சுவரோரமோ டேப் சுற்றிய டப்பா ஒன்று கிடந்தால் ஆடு மேய்க்கிற பெண் என்ன நினைப்பார்? போலீஸ் வந்தால் முதலில் விசாரிக்கப்படுவது பெட்டி வைத்தவர் அல்ல, அன்று காலை அந்தப் பக்கம் போன உள்ளூர் ஆள்தான்.   

இனி உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். நாங்கள் எத்தனை பேர், விரல்விட்டு எண்ணலாம், இதனால் என்ன ஆகிவிடும் என்பது முதல் மறுப்பு. எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு பாதை மூடப்படுவதற்கு ஒரு சம்பவம் போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், அனுமதி பெறாத பாதையில் போன மலையேற்றக் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாடு முழுக்க மலையேற்றத்துக்குப் புதிய விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை அறிவித்து, வழிகாட்டியோடும் கட்டணத்தோடும்தான் போகலாம் என்று ஆக்கினார்கள். அது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. காட்டுப் பாதையை மூடவும் திறக்கவும் வனத்துறை இருக்கிறது. சமவெளியில் அப்படியொரு துறை கிடையாது; ஊர்தான் மூடும். ஒரு கரை உடைந்து, அங்கே ஒரு டப்பா கிடைத்ததென்று வையுங்கள். அடுத்த ஞாயிறு தோளில் பையோடு யார் வந்தாலும், எங்கே போறீங்க, எதுக்கு என்ற கேள்விதான் எதிரில் வரும். பறவை பார்க்க வருபவர், படம் எடுக்க வருபவர், கல்வெட்டுப் படிக்க வரும் மாணவர் எல்லோருக்கும் சேர்த்து வழி அடைபடும். இன்றைக்கு யாரையும் கேட்காமல் கரையில் நடக்க முடிகிறது என்றால், அது சட்டம் தந்த உரிமையால் அல்ல, ஊர்க்காரர்களின் பெருந்தன்மையால்.

முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டால் விளையாட்டின் ரகசியமே போய்விடுமே என்பது இரண்டாவது மறுப்பு. ரகசியம் ஆட்டக்காரர்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. ஆட்டத்தில் இல்லாதவர் அவருடைய நிலத்தில் நடப்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றுதான் உங்கள் விதி சொல்கிறது. இந்த மண்ணின் பழைய வழக்கமும் அதையே சொல்கிறது. பாகூரில் கிடைத்த நிருபதுங்கவர்மப் பல்லவனின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கியதைப் பதிவு செய்கிறது. அந்தக் காலச் செப்பேடுகளில் நிலத்தின் இருப்பிடத்தை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, இன்ன கரைக்குத் தெற்கு என்று நான்கு எல்லையையும் சொல்லி, அந்த எல்லை நெடுக நடந்து, கல்லும் கள்ளியும் நட்டார்கள். அப்படி நடந்தவர்கள் நாட்டார், அதாவது அந்த வட்டாரத்தின் ஆட்கள். அரசன் ஆணையே ஆனாலும் இடத்தைக் குறிக்கிற நடையை உள்ளூர்க்காரர்கள்தான் நடக்க வேண்டியிருந்தது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே மண்ணில் இடம் குறிக்கிற நாம் அவர்களின் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்?

யாரைக் கேட்பது என்பது மூன்றாவது மறுப்பு. இது நியாயமானது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006-ல் நடந்தது; அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகக் கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்துகிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்பதுபோல் இங்கே நிற்க முடியாது. அதற்காகக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஆகாது. இரண்டு இடத்தில் கேட்க வேண்டும் என்றுதான் ஆகிறது. கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏரியென்றால் பொதுப்பணித் துறைக்கும் ஒரு நகல். அதோடு அந்த ஊர் விவசாயிகள் சங்கத்துப் பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதலாவது காகிதத்துக்கு, இரண்டாவது மனிதர்களுக்கு. எல்லைக் குழப்பத்தையும் மறக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் செருகிக் கிடப்பதால், பங்காரு வாய்க்காலோடு மேற்கே நடந்தால் எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்பது தெரியாமலே மாறிவிடும். ஊசுட்டேரியும் அப்படித்தான், பாதி இங்கே, பாதி அங்கே. நம் பக்கத்தை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்; அதற்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அங்கே பெட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் இந்த விளையாட்டையே விட்டுவிடுவதா? வேண்டாம். பெட்டியை விட்டுவிட்டுக் கேள்வியை வையுங்கள். உங்கள் விளையாட்டுக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க நிலவியல் கழகம் 2004-ல் தொடங்கிய எர்த்கேச் வகையில் டப்பாவே கிடையாது. இடத்துக்குப் போய், பார்த்து, அளந்து, கேள்விக்குப் பதில் அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. மண்ணாடிப்பட்டு கொம்யூனைத் தாண்டியதுமே வரும் திருவக்கரைக் கல்மரப் பூங்காவை நினைத்துப் பாருங்கள். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை என்று கணிக்கப்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு சில்லைக்கூட எடுத்துப்போக அனுமதியில்லாத இடம். கிடக்கும் அடிமரத்தில் கிளையோ வேரோ ஏன் இல்லை, வெள்ளம் இழுத்து வந்த மரமா, நின்ற இடத்திலேயே கல்லானதா என்று ஒரு கேள்வி போதும். தேடி வருகிறவர் அரை மணி நேரம் குனிந்து பார்ப்பார். பாகூர் மதகில் எத்தனை கண், கலிங்கலின் மேல்மட்டம் கரையிலிருந்து எவ்வளவு தாழ்வு, அது ஏன் அவ்வளவு தாழ்வு என்று கேளுங்கள். விடை சொல்ல மதகைத் தொட வேண்டியதில்லை. மடை திறக்கிறவரிடம் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுதான் எந்த டப்பாவிலும் கிடைக்காத பொருள்.

பெயர் எழுத நோட்டும் பொருள் மாற்றிக்கொள்ளும் பழக்கமும் இல்லாமல் சுவை இல்லை என்கிறீர்களா? அதற்கும் ஒளிவுமறைவு தேவையில்லை. நோட்டை ஊர் டீக்கடையிலோ நூலகத்திலோ கடைக்காரரின் சம்மதத்தோடு வையுங்கள். கேள்விக்கு விடை சொன்னவர் அங்கே வந்து கையெழுத்துப் போடட்டும், ஒரு டீ குடிக்கட்டும். மாற்றிக்கொள்ளப் பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. செய்கிறவர் கையிலிருந்து விலை கொடுத்து வாங்கிய ஒரு சின்ன மண் பொம்மை உங்களோடு ஊர் சுற்றட்டும். நாங்கள் வந்தால் ஊருக்கு வருமானம் என்று நீங்கள் சொல்லும் வாதம் அப்போதுதான் மெய்யாகும். பொந்தில் டப்பாவைத் தேடி எடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போகிறவரால் இந்த ஊருக்கு ஒரு ரூபாய் வரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்த இரு கொம்யூன்களிலும் ஏரிக்கரை, வாய்க்கால், மதகு, கோயில், சுடுகாடு, வரப்பு எதிலாவது பெட்டி வைத்திருந்தால், ஐப்பசி மழை பிடிக்கும் முன் நீங்களே வந்து எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தில் பள்ளம் இருந்தால் களிமண் போட்டு மிதித்து இறுக்குங்கள். பதிவிலிருந்தும் அந்த இடத்தை நீக்குங்கள். பெட்டி போன பின்பும் எண் மட்டும் நின்றால் ஆட்கள் வந்து தோண்டிக்கொண்டே இருப்பார்கள். புதிதாக வைக்க நினைப்பவர்கள் பெட்டிக்குப் பதில் கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். நாற்று நடும் நாட்களில் வரப்பை விட்டுத் தடத்தோடு நடங்கள். ஏரி நிரம்பியிருக்கும்போது கரையில் கும்பலாக ஏறாதீர்கள். முதல் முறை வரும் ஊரில் வண்டியை நிறுத்தியதும் கருவியை எடுக்காமல் எதிரில் வருகிறவரிடம், இந்த வழியாகப் போகலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் வேறு வழியில் போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்